வீட்டுக்கு ஒரு சாண்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கணக்கெடுப்புக்கு ஒருவர் வந்தார். எங்கள் தெருவை இடித்துவிட்டு அதே இடத்தில் மாடிக் குடியிருப்பு கட்டும் திட்டத்தின் அதிகாரி. சிறு வயதுப் பெண், தோளில் பை. என்னிடம் கேட்டதற்கெல்லாம் அக்கா உள்ளிருந்து பதில் சொன்னாள்.

"பகல்ல வீட்ல யாராவது இருப்பாங்களா?"

"நான் இருப்பேம்மா. எங்க வீட்டுக்குப் பூட்டே கிடையாது. நான்தான் பூட்டு."

அந்தப் பெண் சிரித்தார். என்னால் முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து அக்கா தானாக வாசலைத் தாண்டியதில்லை. செங்குத்தாக இரண்டு படி. படியை ஒட்டித் திறந்த சாக்கடை. ஒருமுறை நான் பலகை போட்டுச் சரிவு அமைத்தேன். நாற்காலியும் அக்காவும் சேர்ந்து சாக்கடையில் இறங்கினார்கள். "பிளான் போட்டுக் கவுத்துட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் இன்னும் சொல்கிறாள். தெருக்கோடியில் உள்ள பொதுக் கழிப்பறைக்கு அவளை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவும் அவர் மகளும்தான் தூக்கிப் போகிறார்கள்.

மார்ச் 7, சனி

டீக்கடைச் சுவரில் புதுக் கட்டடத்தின் வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். மாதக் கடைசி ஞாயிறன்று தெரு கூடி, வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் திட்டம் வேறு பகுதிக்குப் போய்விடும்.

தெரு இரண்டாகிவிட்டது. இஸ்திரிக்காரர் வேண்டாம் கட்சி. "குலுக்கல் போட்டு ஆளுக்கொரு மாடியில வீசிடுவாங்க சார். இங்க ஒருத்தன் தும்மினா நாலு வீட்ல நூறாயுசுன்னு சொல்றான். அங்க செத்துக் கிடந்தாக்கூட நாத்தம் வந்தாத்தான் தெரியும்."

அக்கா ஜன்னல் வழியாகவே பதில் கொடுத்தாள்: "மழையில நனைஞ்சுக்கிட்டே கக்கூஸுக்குப் போய் வாங்குற நூறாயுசு எனக்கு வேணாம்பா. அதையும் நீயே வெச்சுக்கோ."

நான் எந்தக் கட்சி? அக்காவுக்கு வீட்டுக்குள் கழிப்பறை வேண்டும். இந்த மனிதர்களும் வேண்டும். இரண்டையும் கேட்பது பேராசையோ? கேட்க வேண்டும் என்றால் எழுந்து நின்று பேச வேண்டும். அதற்கான தொண்டை எனக்கு எப்போது இருந்தது?

மார்ச் 8, ஞாயிறு

தையல்காரம்மா என்னை வரைபடத்தின் முன் நிறுத்தினார். "சார், நீங்கதான படம் வரையற வேலை பாத்தவரு. இதுல என் மிஷின் எங்க நிக்கும்?"

வேலைக்காலம் முழுதும் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரைந்தேன். பொறியாளர் சொன்ன கோட்டை இழுப்பேன். என் கோடு என்று ஒன்றை இழுத்ததில்லை. இன்று அளவு விகிதத்தைப் பொறுமையாக விளக்கினேன். தலையாட்டினார். புரிந்து ஆட்டியது அல்ல. பெரியவர் மனம் நோகக்கூடாது என்று ஆட்டியது.

அக்காவிடம் சொன்னேன். "டேய், பேப்பர்ல காட்டினா யாருக்குடா தெரியும்? தரையில போட்டுக் காட்டு. நிஜ அளவுல."

தெருவிலா? எல்லாரும் பார்க்கவா?

மார்ச் 11, புதன்

போடப் போவதில்லை என்று முடிவு செய்தேன். நிம்மதி.

மார்ச் 12, வியாழன்

சுண்ணாம்புப் பொடி ஒரு மூட்டை வாசலில் இறங்கியது. அக்கா சொல்லி அனுப்பினாளாம். "திருப்பி எடுக்க மாட்டாங்க" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

போட்டுவிட்டேன்.

டீக்கடைக்கு எதிரே, தெரு அகலமான இடத்தில், விடிந்ததும் கயிறு பிடித்துக் கோடு போட ஆரம்பித்தேன். எதிரெதிரே இரண்டு வீடுகள், நடுவில் நடைவழி. முதல் சுவர் கொஞ்சம் நெளிந்தது. யாரும் கேட்கவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை, அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

முடிப்பதற்குள் கூட்டம். முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு டீக்கடைக்காரர் ஒரு பாயைக் கொண்டுவந்து கோட்டுக்குள் விரித்துப் படுத்தார். அவர் மனைவி, "அது அடுப்படி, எழுந்திரிங்க" என்றார். யாரோ ஒருவர் குறுக்கே நடக்க, "ஏய், சுவர்ல போகாத! கதவு அந்தப் பக்கம்!" என்று பத்துப் பேர் கத்தினார்கள். அவரும் பயந்து திரும்பிப் போய், இல்லாத கதவைத் தட்டிவிட்டு வந்தார்.

தையல் மிஷினைத் தூக்கி வந்தார்கள். அது சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பாயைப் போட்டால் மிஷின் இல்லை, மிஷினைப் போட்டால் மனிதர் இல்லை.

"இது வீடா, தீப்பெட்டியா?" என்றார் இஸ்திரிக்காரர். அவ்வளவுதான், வேண்டும் என்றவர்களெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். ஆளாளுக்கு என் தோளைத் தட்டினார்கள். "சார் இல்லேன்னா மாட்டியிருப்போம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்கா மட்டும் வாசலிலிருந்து நாற்காலியை உள்ளே திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 16, திங்கள்

தப்பு. பெரிய தப்பு.

பழக்கதோஷத்தில் இன்னொரு முறை வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன். மூலையில் பொடி எழுத்து: எல்லாம் உள் அளவுகள். சுவரின் கனத்தை ஏற்கெனவே கழித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் மறுபடி கழித்துவிட்டேன். நடைவழியிலும் அப்படியே. வீடு நான் காட்டியதைவிடப் பெரியது. என் கோட்டைப் பார்த்துவிட்டு ஒரு தெருவே வேண்டாம் என்கிறது.

எப்படிடா செய்தாய்? இந்த ஒரு வேலைதானே உனக்குத் தெரியும்?

மார்ச் 18, புதன்

இஸ்திரிக்காரரிடம் மெல்லச் சொன்னேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "விடுங்க சார். கோடு காத்துல போயிடும், பேச்சு நிக்கும். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

எனக்குத் தெரியுமே.

அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "என்னைச் சாக்கடையில தள்ளினப்ப உடனே ஒத்துக்கிட்டல்ல? அதே வாயாலதான இதையும் சொல்லணும்? போ, அந்த அதிகாரிப் பொண்ணையும் வரச் சொல்லு. அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே சொல்லு. இந்தத் தடவை என்னையும் தூக்கிட்டுப் போங்க. வாசல்லயே உக்காந்து பாக்க நான் என்ன பொம்மையா?"

மார்ச் 22, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும். இன்றைக்கு நடந்ததை நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

அதிகாரி வந்திருந்தார். தெரு முழுதும் இருந்தது. "போன வாரம் நான் போட்டது தப்பு. வீடு இதைவிடப் பெரிசு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அக்கா, "சத்தமா சொல்லித் தொலைடா!" என்றாள். அது எல்லாருக்கும் கேட்டது. சிரித்தார்கள். மறுபடி சொன்னேன்.

முணுமுணுப்பு. "கவர்மெண்டு பக்கம் சாஞ்சுட்டாரு" என்றது ஒரு குரல். பழைய கோட்டைத் துடைப்பத்தால் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். மிஷின் உள்ளே போனது. பாயும் விரிந்தது. வேண்டும் கட்சி கைதட்டியது. இஸ்திரிக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். வீட்டுக்குள் ஒரு சுற்று வந்தாள், கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்தாள், "ராஜபோகம்" என்றாள். பிறகு கதவைத் தாண்டி நடைவழிக்கு வந்தாள். நாற்காலியைத் திருப்ப முயன்றாள். முடியவில்லை. முன்னால் நகர்த்தினாள், பின்னால் இழுத்தாள். எப்படிச் செய்தாலும் சக்கரம் எதிர்வீட்டுச் சுவரில் ஏறியது.

"எங்கே, நான் பாக்கறேன்" என்று அதிகாரி சொன்னார். அக்காவை மடக்கு நாற்காலிக்கு மாற்றிவிட்டுச் சக்கர நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். தள்ளினார், இழுத்தார். "மேடம், சுவத்துல முட்டிட்டீங்க" என்றது ஒரு குரல். அவரும் சிரித்தார். மூன்றாம் முறை முட்டியபோது சிரிப்பு நின்றிருந்தது.

"சரியான அளவுதானா சார்?" என்று கேட்டார். பிறகு அவரே, "உங்களை நம்பலாம். உங்க தப்பை நீங்களே சொன்னவரு" என்றார்.

எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. சுண்ணாம்பு வாளியை எடுத்தேன். யாரையும் கேட்காமல் இரண்டு வீட்டுச் சுவரையும் உள்ளே தள்ளிப் புதுக்கோடு போட்டேன். நடைவழியின் முனையில் இருந்த சுவரை அழித்து, "இங்கே சுவர் வேண்டாம், கம்பி போதும், வெளிச்சம் வரட்டும்" என்றேன். "இந்தத் தெருவில் யாருக்கு எதிரே யாரோ, மாடியிலும் அப்படியே. குலுக்கல் வேண்டாம்" என்றேன். நான்தான் சொன்னேன்!

அக்கா மறுபடி உட்கார்ந்தாள். திரும்பினாள். முழு வட்டம். இன்னொரு வட்டம். "போதும்கா, தலை சுத்தும்" என்றார் தையல்காரம்மா. "சுத்தட்டும்" என்றாள்.

மார்ச் 25, புதன்

அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். குலுக்கல் இல்லை, கம்பி போடலாம், இஸ்திரி வண்டிக்குக் கீழ்த்தளத்தில் கூரையோடு இடம். மேலிடத்தில் பேசியிருக்கிறார். ஆனால் நடைவழி மட்டும்... "இடம் வானத்துலேருந்து வராது சார். ஒவ்வொரு வீடும் ஒரு சாண் விட்டுக் கொடுக்கணும். எல்லாரும். ஒருத்தர் மாட்டேன்னாலும் முடியாது."

இருக்கிற இடமே கையகலம். அதில் ஒரு சாண். ஒரு கிழவியின் நாற்காலிக்காக. எந்த முகத்தோடு கேட்பது?

அக்கா, "எனக்காகன்னு கேக்காதே" என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

டீக்கடை முன் கூட்டம். எழுந்தேன். மனப்பாடம் செய்த முதல் வாக்கியம் மறந்துவிட்டது. வரைபடத்தைப் பார்த்தபடியே சொன்னேன்: "வீட்டுக்கு ஒரு சாண் கேட்கிறார்கள். கொடுத்தால் வெளியே ஒரு தெரு கிடைக்கும். கொடுக்காவிட்டால் உள்ளே ஒரு சாண் மிஞ்சும்." உட்கார்ந்துவிட்டேன்.

ஒருவர், "என் வீட்ல ஆறு பேரு சார். ஒரு சாண்ல ஒரு பிள்ளை படுக்கும்" என்றார். நியாயம்.

தையல்காரம்மா எழுந்தார். "பிள்ளை வராண்டாவுல படுக்கட்டும், நான் பாத்துக்கறேன். எதிர் வரிசைதான? என் மிஷின் ஒரு சாண் நகந்தா தையல் கோணலா போயிடுமா?"

அப்போது இஸ்திரிக்காரர். ஒரு வாரமாக என்னோடு பேசாதவர். "எனக்கு மாடி பிடிக்காது. இப்பவும் பிடிக்கல. ஆனா அக்கா என் வண்டிக்கிட்ட வந்து நின்னு, மடிப்பு சரியில்லேன்னு ஒரு தடவை திட்டணும். எடுத்துக்கங்க ஒரு சாண்." கையைத் தூக்கினார்.

ஆறு பேர் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஏற்கெனவே கையைத் தூக்கியிருந்தார். "வீட்ல முடிவாயிடுச்சு போல" என்று அவரும் தூக்கினார். பிறகு எண்ணவே தேவைப்படவில்லை. எல்லாக் கையும் மேலே இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவிலிருந்தும் ஒரு கை.

மார்ச் 30, திங்கள்

தொண்டை கட்டியிருக்கிறது. மூன்று வாக்கியத்துக்கே!

(புது நோட்டு. கட்டி முடியும்வரை தங்கவைத்த தகரக் கொட்டகையில் இரண்டு மழைக்காலம் போனது. பழைய நோட்டு அதில் ஊறிவிட்டது. பக்கங்களை ஒவ்வொன்றாகக் காயவைத்து எடுத்தேன்.)

ஜூலை 9

குடிவந்தோம். இரண்டாம் மாடி. எதிரே தையல்காரம்மா, பக்கத்தில் அந்த ஆறு பேர் வீடு. லிஃப்ட் ஓடுகிறது, எத்தனை நாளைக்கோ. அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனேன். "அங்க என்னடா குனிஞ்சு நிக்கிறே?" என்றாள் அக்கா. சரியாக இருக்கிறது. ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

ஜூலை 14

காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். கதவு திறந்து கிடந்தது. அறையில் அக்கா இல்லை. அடுப்படியில் இல்லை. கழிப்பறையில் இல்லை. பை கையிலிருந்து விழுந்தது. வெளியே ஓடி வந்தேன், நடைவழியும் காலி.

கீழேயிருந்து குரல் வந்தது. முனைக்குப் போய்க் கம்பி வழியாகப் பார்த்தேன். இஸ்திரி வண்டிக்கு முன்னால் நாற்காலி.

"இதுக்குப் பேரு மடிப்பா? மாடு மென்னு துப்பின மாதிரி இருக்கு."

"நீங்க வீட்டோட இருந்தப்ப எவ்வளவு நிம்மதியா இருந்தேங்க்கா!"

கூப்பிடவில்லை. உருண்ட தக்காளிகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஜூலை 15

கடைத்தெருவுக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தேன். இரண்டு சாவி. ஒன்றை அக்காவிடம் கொடுத்தேன்.