அலை உடையாத இடம்

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். பொத்துவிலில் நீங்களும் உம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். கண்டியில் விடாத மழை. என் தடுமல் போய்விட்டது.

போன சனிக்கிழமை எங்கள் வகுப்பைக் காலி நகர்ப் பக்கம் கடலுக்குக் கூட்டிப்போனார்கள். பயப்படாதீர்கள், நான் தண்ணீரில் இறங்கவேயில்லை. இங்குள்ள பிள்ளைகள் மகாவலி ஆற்றில் குளித்துப் பழகியவர்கள். தண்ணீர் அசையாத இடம்தான் பத்திரம் என்று நினைக்கிறார்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலையில்லாமல் கறுத்துக் கிடந்த இடத்துக்கே என் சிநேகிதி துஷானி ஓடினாள்.

"அங்க போகாத புள்ள, அது கடலுக்குள்ள இழுக்கிற தண்ணி!" என்று கத்தினேன்.

"எந்தப் புத்தகத்துல படிச்சீங்க, றலியா டீச்சர்?" என்று என்னைக் கேலி செய்து சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் தலை தூரத்தில் சிறிதாகத் தெரிந்தது. கரைக்கு நேராக வராமல் பக்கவாட்டில் நீந்தச் சொல்லி, நீங்கள் சொல்லித் தந்தபடியே கத்தினேன். அவள் கரையைப் பார்த்தே நீந்திக் களைத்தாள். என்னால் நிற்க மட்டும்தான் முடிந்தது, வாப்பா. ஒரு மீனவர் படகில் போய்த் தூக்கி வந்தார். இப்போது சுகமாக இருக்கிறாள்.

வரும் பதினெட்டாம் திகதி பத்தாம் வகுப்பு அதே கரைக்குப் போகிறது. அவர்களைக் கூட்டிப்போகும் கிருஷ்ணராஜ் சேரிடம் போய்ச் சொன்னேன்.

"பயப்படாதம்மா, இந்த முறை அலையே இல்லாத இடமாப் பார்த்துத்தான் எறக்குவேன்" என்றார்.

நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் பேசுங்கள். அவருடைய நம்பர் பின்பக்கம் இருக்கிறது. விடுதியில் படிப்பு மணி அடித்துவிட்டது. போகிறவர்கள் நாற்பத்திரண்டு பேர், வாப்பா.

உங்கள் மகள்
றலியா