தீக்கென்று வைத்திருந்த தண்ணீர்

அன்பு மகளுக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக என் பள்ளிக்கூடத்துக்குப் போய், தீ பிடித்தால் அணைக்கவென்று கட்டிய தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் சேறுதான். வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அந்த இருமல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். முந்தாநாள் வந்த காட்டுத்தீயில் நம் வீடு தப்பியது. காட்டை ஒட்டி இருந்த பதினோரு வீடுகள் இல்லை. பால்கார அக்காவின் ஆறு மாடுகளும் கட்டிய இடத்திலேயே போய்விட்டன, கயிற்றை அவிழ்க்கப் போன அவள் கணவர் இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவள் அழவில்லை. கறக்கிற நேரமாச்சே டீச்சர் என்று மட்டும் சொன்னாள்.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்த வேகத்தில் தொட்டிக்குள் குழாயை விட்டார்கள், காற்றுதான் வந்தது. என்னம்மா, தொட்டிய அழகுக்கா கட்டி வச்சிருக்கீங்க என்று டிரைவர் கேட்டார். எட்டு மாதமாக மழையில்லை, கிணறெல்லாம் வற்றிவிட்டது, தொட்டிச் சாவி என்னிடம். முதலில் கேட்டது அந்த அக்காதான், மாடு நாக்கத் தள்ளிக்கிட்டு நிக்குது டீச்சர், ரெண்டே குடம் என்று. கொடுத்தேன். அப்புறம் யாருக்கு இல்லை என்பது? இரண்டு குடத்தில் என்ன குறைந்துவிடும் என்றே ஒவ்வொருவரும் எடுத்தோம். நீ நட்ட எலுமிச்சைக்கு நானும் ஊற்றினேன். அது பச்சையாக நிற்கிறது, என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது பள்ளிக் காவல்காரர் தண்ணீரை விற்றுவிட்டார் என்று பேச்சு. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நாளை விசாரணை. அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்கு வேலை போனா மாடு மேய்ச்சுப் பொழச்சுக்குவேன் சார் என்று அப்பாவிடம் சிரித்தாராம், மேய்க்க மாடு எங்கே இருக்கிறது. ஊரே எடுத்துச்சு, நீ மட்டும் ஏன் தலையக் குடுக்கற, பேசாம இரு என்கிறார் அப்பா.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு எல்லாம். வெளியே போகும்முன் அடுப்பை அணைத்தாயா என்று இரண்டு தடவை பார். சாவி என் கைப்பையில் இருக்கிறது. நாளை அதை அவர்கள் மேசைமேல் வைத்து, திறந்துவிட்டது நான்தான் என்று சொல்லப்போகிறேன். இப்படி முடிவு செய்திருப்பது அப்பாவுக்குக்கூட இன்னும் தெரியாது.

உன் அம்மா