டைல்ஸுக்கு அடியில் போன கல்வெட்டு

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு,

இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று எழுதுகிறேன். சிவகாசியில் நானும் அம்மாவும் சுகம், அம்மாவுக்கு மழைக்கு முட்டுவலி மட்டும் கொஞ்சம் கூடுதல். நெதர்லாந்துக் குளிரில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். ஏன் பேசவில்லை என்று உனக்கே தெரியும். நம் குலசாமியின் குடைவரைக் கோயிலைப் படமெடுக்க அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவள், கோயில் சாவி பெரியப்பாவிடம் இருக்கிறது என்று அவர் வீட்டிலேயே தங்கினாய். பாகப்பிரிவினையில் பட்டாசுக் கம்பெனியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வரலாறு எம்.ஏ. படித்த என்னைக் காலண்டர் அச்சகத்தில் ராகுகாலத்துக்குப் புரூப் பார்க்க விட்டவர் வீடு அது. அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை.

நீ போன அடுத்த மாதமே கல்வெட்டு இருந்த வடக்குச் சுவரில் பெரியப்பா பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, 'உபயம்: ரத்தினசாமி குடும்பத்தார்' என்று எழுதி வைத்தார். வேண்டாம் என்றேன். சாமிக்குச் செய்வதென்றால் நம் ஆட்களுக்கு டைல்ஸும் பெயர் எழுதிய டியூப்லைட்டும்தானே, என்னைப் படித்த கிறுக்கு என்றார்கள். இந்த ஐப்பசி மழையில் பாறை ஊறி டைல்ஸ் பொத்துப் பொத்தென்று விழுந்தது, கூடவே சிமெண்டு கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு வந்துவிட்டது. எழுத்து இருந்த இடம் அம்மைத் தழும்பாகக் கிடக்கிறது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் மிச்சக் கல்வெட்டு இருக்கும் தெற்குச் சுவருக்கும் டைல்ஸ் லோடு வந்து நின்றது. லாரியைப் பார்த்ததும் பெரியப்பாவும் கமிட்டிக்காரர்களும் நின்ற இடத்துக்குப் போய், பூசாரி இருளாண்டியின் பழைய செல்போனில், கோயில் படங்களை நீ ஏற்றி வைத்திருக்கும் இணையதளத்தைத் திறந்தேன். அங்கே சிக்னல் ஒரு கோடுதான். எந்த ஆப்பையும் இறக்கச் சொல்லாமல், முதலில் மங்கலாக வடக்குச் சுவர் வந்தது, பிறகு மெல்லத் தெளிந்தது. படத்தில் சுவர்மேல் விழும் வெளிச்சத்தை விரலால் இடப்பக்கம் தள்ளினேன், தேய்ந்த எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நின்றது. கீழே நீ தமிழில் போட்டிருந்த வாசகத்தை, ஒரு இடையன் கோயிலில் விளக்கெரிக்க ஆடு தானமாக விட்ட சேதியை, சத்தமாக வாசித்தேன். இருளாண்டி சும்மா இருப்பாரா, பெரியப்பாவைப் பார்த்து, "நம்ம சாமி செவுரு இப்ப எஞ் சட்டப்பைக்குள்ள இருக்கு மொதலாளி, கும்புடணும்னா இங்கன வாங்க" என்றார். பெரியப்பா போனை வாங்கி, தானே வெளிச்சத்தைத் தள்ளித் தள்ளி வெகுநேரம் பார்த்தார். பிறகு லோடைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம். பிள்ளை எங்க வீட்டில் தங்கித்தானே எடுத்தது என்று கமிட்டியிடம் பெருமையடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "தங்குனது ஒங்க வீடுண்ணே, பெத்தது நான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. ஆனால் வீடு வரும் வழியெல்லாம் அதையே எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். மறுநாள் அச்சகத்தில் மெஷின்காரர் முதல் பைண்டிங் பெண்கள் வரை உன் தளத்தைக் காட்டிவிட்டேன். நான் புத்தகத்தில் படித்துச் சாதிக்காததை நீ செய்துவிட்டாய் மகளே.

புரூப் பார்த்த கண் சும்மா இருக்கவில்லை, ஒரு தப்பு இருக்கிறது. வாசல் கருப்பசாமி படம் இடவலம் திரும்பியிருக்கிறது. கருப்பசாமி எங்கேயாவது இடக்கையில் அரிவாள் பிடிப்பாரா, உடனே சரிசெய். படங்களை ஒரே இடத்தில் வைக்காதே, கம்ப்யூட்டரும் ஒருநாள் கெடும், வேறு இரண்டு ஊரிலாவது நகல் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த முறை வந்தால் நம் வீட்டில் தங்கு, சாவியை நான் வாங்கித் தருகிறேன். குலசாமி உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். அம்மாவுக்கு ஞாயிறு தவறாமல் போன் செய்.

கீழே என்ன எழுதுவது என்று பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். 'அன்புள்ள அப்பா' என்று போட்டால் பெரியப்பா வீட்டில் தங்கியதை நான் மன்னித்துவிட்டதாக நினைப்பாய். பெயரை மட்டும் போட்டால் அம்மா சண்டைக்கு வருவாள். ஒன்றும் போடாமல் இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.