உங்கள் குரலில் நான் சொன்ன வார்த்தை

கௌபாயக்கா,

உங்கள் போனை சார்ஜில் போட எடுத்தேன். உறையைத் திறந்ததும் அதிமதுர வாசனை அடித்தது. தொண்டைக்கு நல்லது என்று வாயில் அடக்கிக்கொள்வீர்களே, அதில் ஒரு துண்டு உள்ளேயே கிடக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் அம்மாவுடன் பேச வேண்டும். உங்கள் குரலில்.

எனக்குப் பெரிதாக எழுத வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். யாரிடமும் சொல்ல முடியாததால் உங்களிடமே சொல்கிறேன்.

பிழைக்க வளைகுடாவுக்கு வந்து, ரோலாவில் நம் அறையில் சேர்ந்த புதிதில், நீங்கள் ஏதோ வீட்டில் சமையல் வேலை செய்கிற அக்கா என்று மட்டும்தான் தெரியும். ஒரு லீவு நாளில் மட்டக்களப்புத் தங்கச்சியின் போனில் கௌபாய் படம் ஓடியது. வெள்ளைக்காரர்கள் தொப்பியும் துப்பாக்கியுமாகத் தமிழ் பேசினார்கள்.

"குதிரைக்காரன் எல்லாம் மெட்ராஸ்காரன் மாதிரிக் கதைக்கிறானே!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த நீங்கள் தலை நிமிரவே இல்லை. "அந்தப் பொடியன் இருக்கான்ல, அது நான்தான். அழுவுறாளே விதவை, அவளும் நான். சாராயக்கடையில ஆடுறவளும் நானே" என்றீர்கள்.

"சும்மா அடிச்சு விடாதீங்க அக்கா" என்றேன்.

"மாமா! பின்னாடி நிக்கிறான், குனிஞ்சுக்கோ!" என்று ஒரு கத்துக் கத்தினீர்கள். அச்சு அசல் சின்னப் பையன் குரல். பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டி, "லேடீஸ் ரூம்ல யாருடி ஆம்பளப் புள்ளைய கொண்டாந்தது?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அன்றைக்கு வைத்த பெயர்தான் கௌபாயக்கா.

"அது அமெரிக்காவுல எடுத்த படம் இல்லடி. இத்தாலி, ஸ்பெயின்ல எடுத்தது. நடிக்கிறவன் ஆளுக்கொரு பாஷையில பேசுவான். ஒருத்தன் பேசுறது எதிர்ல நிக்கிறவனுக்கே புரியாது. குரலெல்லாம் பின்னாடி போட்டு ஒட்டுறதுதான். தமிழ்ல ஒட்டுன டப்பிங்காரங்கள்ல நானும் ஒருத்தி."

"ஆளுக்கொரு பேச்சு, நம்ம ரூம் மாதிரிதான்னு சொல்லுங்க" என்றேன். நெடுநேரம் சிரித்தீர்கள்.

எனக்குக் காய்ச்சலில் தொண்டை கட்டிய வாரம், என் மகன் பயந்துவிடுவான் என்று அழுதேன். நீங்கள் என் போனை வாங்கி, எங்கள் அறந்தாங்கிப் பேச்சில், என் குரலில், "ஏப்பா, சாப்ட்டியாப்பா?" என்றீர்கள். பெற்ற பிள்ளைக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு அறையில் அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. என்னை உங்களைப் போலப் பேச வைத்தீர்கள். "குரலைப் பிடிக்காத, மூச்சைப் பிடி. அவ பேசறதுக்கு முன்னாடி எப்படி மூச்சு எடுக்கிறான்னு பாரு" என்பீர்கள். இன்னொன்றும் சொல்வீர்கள்: "வாய் அசையாத இடத்துல வார்த்தை வைக்கக் கூடாது. அது பெரிய தப்பு."

அந்தத் தப்பைத்தான் செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் அம்மாவிடம் பேசும்போது நான் பக்கத்துக் கட்டிலில் இருப்பேன். மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, "ம், சொல்லுங்க" என்பீர்கள். மாத்திரை, தண்ணீர் லாரி, தம்பி பிள்ளைகள், பேச்சு அவ்வளவுதான். 'அம்மா' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வெங்காயம் நறுக்கும்போது ஒருதடவை ஏன் என்று கேட்டேன்.

"புருசன் அடிச்சு, எங்க வீட்டு வாசல்ல பையோட வந்து நின்னேன்டி. நட்ட நடுப்பகல். தெருவே வேடிக்கை பார்க்குது. 'மானத்தை வாங்காத, திரும்பிப் போ'ன்னு கதவைச் சாத்திட்டாங்க. எத்தனை படத்துல, எத்தனை புள்ளைங்களுக்கு 'அம்மா'ன்னு கத்தியிருக்கேன். இங்க மட்டும் அந்த வார்த்தை வர மாட்டேங்குது."

வெங்காயத்தின்மேல் பழி போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள்.

வேலை செய்த வீட்டில் அடுப்பு முன்னால் நீங்கள் விழுந்த செய்தி வந்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் தம்பி போனில் கதறினார். "உடம்பை ஊருக்கு அனுப்பாதீங்கக்கா. அம்மாவுக்கு இதய ஆபரேஷன் செய்யணும். இப்ப இதைக் கேட்டா தாங்காது. அங்கேயே முடிச்சிருங்க." இங்கேயே எரித்தோம். பிறகு அவர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். "நீங்க அக்கா மாதிரியே பேசுவீங்களாமே, அக்காவே சொல்லியிருக்கு. ஆபரேஷன் முடியற வரைக்கும் மட்டும்."

உங்கள் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். முகம் தெரியாது. குரல் போதும். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சரி என்றுவிட்டேன்.

முதல் தடவை உங்கள் மூச்சைச் சரியாகத்தான் பிடித்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். அந்தப் பக்கம் "கண்ணு" என்ற குரல் கேட்டதும் என்னையறியாமல் "அம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான், நீங்கள் சொல்லாத வார்த்தை என்று உறைத்தது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"என்னடி சொன்ன? இன்னொரு தடவ கூப்பிடு" என்றார்கள். அழுதுகொண்டிருந்தார்கள்.

கூப்பிட்டேன். வேறு என்ன செய்வேன்?

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் கூப்பிடுகிறேன். உங்கள் தம்பி, "அம்மா இப்ப நல்லா சாப்பிடறாங்கக்கா" என்கிறார். "இப்பத்தான்டி நீ என் பொண்ணா பேசுற" என்று உங்கள் அம்மாவே சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்கு உடம்பு கூசிப்போனது. நீங்கள் உயிரோடு பேசியது பொய், நான் பேசுவதுதான் நிஜம் என்று ஆகிவிட்டதே. இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே என் அம்மா போய்விட்டாள். நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டு வளர்ந்தவள் இல்லை. வியாழக்கிழமை வந்தாலே, நாளைக்குக் கூப்பிடலாம் என்று மனசு துள்ளுகிறது. உங்கள் சாவில் எனக்கு ஓர் அம்மா கிடைத்த மாதிரி. தூ என்று இருக்கிறது அக்கா.

போன வாரம் அவர்களே அந்தப் பேச்சை எடுத்தார்கள். "அன்னைக்குக் கதவைச் சாத்தினேனே. அதை இன்னும் மனசுல வச்சிருக்கியா? மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு கண்ணு. நிம்மதியா ஆபரேஷனுக்குப் போவேன்." நான் சிக்னல் கிடைக்காததுபோல "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நாளை மறுநாள் ஆபரேஷன். இன்றைக்கு மறுபடியும் கேட்பார்கள். 'ம், சொல்லுங்க' என்று உங்களைப் போல விட்டுவிட்டால், அந்த பாரத்தோடு படுக்கையில் ஏறுவார்கள். சொல்லிவிட்டால், நீங்கள் அத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததை நான் ஒரே மூச்சில் தூக்கிக் கொடுத்ததாகும். அதைக் கொடுக்க நான் யார்? பிழைத்து எழுந்து உண்மை தெரியும்போது, தன்னை மன்னித்தது யாரோ ஒரு அறந்தாங்கிக்காரி என்றல்லவா தெரிந்துகொள்வார்கள்?

நான் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அவ்வளவு கல் நெஞ்சு இல்லை.

ஒவ்வொரு வெள்ளியும் பேசி முடித்த பிறகு, உடனே போனைக் கீழே வைக்க மாட்டீர்கள். கொஞ்ச நேரம் கன்னத்தோடு ஒட்டி வைத்திருப்பீர்கள். கோபமா, ஆசையா என்று நான் கேட்டதே இல்லை. அக்கா, நீங்கள் எப்போதோ மன்னித்துவிட்டிருந்தீர்களா?