முட்டிக்குக் கீழே நான்கு விரல்

இன்று காலையில் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பையிலிருந்து ஒரு சின்னப் பச்சைப் புட்டியை எடுத்துத் திறந்தாள். சிங்கப்பூர்த் தைலம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீதான் வந்து உட்கார்ந்துவிட்டாய் என்று திரும்பினேன். யாரோ ஒரு அம்மா, தன் முட்டிக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போக வேண்டியது புவனகிரி. ஆனாலும் கடலூர் பஸ் வந்து நின்றதும் எழுந்து நின்றுவிட்டேன்.

நீ என் வீட்டுக்காரரின் ஒரே தங்கச்சி. நான் உனக்கு அண்ணி. இரண்டு பேருக்கும் பேச்சு இல்லாமல் இருந்த வருஷங்களை எண்ணினால், பேசிய வருஷங்கள் அதைவிட அதிகமாக இராது.

எதனால் என்று உனக்குத் தெரியும். கடலூரில் உன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் பதினொரு தட்டு. தெரு முனைக்கு மேளம் வந்து அழைத்துப் போக வேண்டும், அதுதான் முறை. சித்திரை வெயில். தட்டு தூக்கிய பெண்களுக்குக் கை கடுக்கிறது. மேளம் வரவில்லை. உன் அண்ணன், "வா, நாமளே போவலாம், நம்ம தங்கச்சி வீடுதானே" என்றார். மேளம் இல்லாமல் நாங்களே நடந்து வந்தோம். எழவு வீட்டுக்குக்கூடப் பறை வந்து அழைத்துப் போகும். சீரை இறக்கி வைத்துவிட்டு, இனி இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று உன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு என் புடவை என்ன நிறம், பந்தலில் எந்தப் பக்கம் கிழிசல், எல்லாம் இப்போதும் சொல்வேன். அதற்குப் பிறகு உன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

உன் அண்ணன் போனபோது நீ வந்தாய். பதினாறு நாளும் என் வீட்டில் இருந்தாய். கூடப் பிறந்தவள், வராதே என்று சொல்ல முடியுமா? அப்போதும் நமக்குள் நேர்ப் பேச்சு கிடையாது. எல்லாம் என் மருமகள் வழியாகத்தான். "உங்க மாமியார் குளிச்சிட்டாங்களான்னு கேளு" என்பாய். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பேன்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கம் என்றார்கள். துக்கம்தான், ஆனால் வயிறும் கல்லாகக் கிடந்தது. இரண்டு வாய் உள்ளே போனால் ஏப்பமாக வரும், நெஞ்சில் நிற்கும். டாக்டர் பார்த்து, வயிற்றில் ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்தார். நாளுக்கு நாள் எழுந்து நடக்கவே தெம்பில்லை. காரியத்துக்குள் இவளும் போய்விடுவாள் என்று ஊரில் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது.

அப்போதுதான் நீ அடுப்படியில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படியாக, என் மருமகளுக்குப் பாடம் எடுத்தாய். சிங்கப்பூரில் ஒரு சீனத்துக் கிழவியை எட்டு வருஷம் பார்த்துக்கொண்டாயே, அவள் சொல்லிக்கொடுத்தது. செரிமானம் கெட்டால், உடம்பு ஓய்ந்தால் காலில் ஓர் இடத்தை அமுக்குவார்களாம். சீனத்தில் அந்த இடத்துக்கு 'மூன்று மைல்' என்கிற மாதிரி ஒரு பேர் இருக்கிறதாம். நடந்து நடந்து கால் ஓய்ந்தவன் அங்கே அமுக்கிவிட்டு இன்னும் மூன்று மைல் போவானாம். முட்டிச் சிப்பிக்குக் கீழே நான்கு விரல் என்று நீ சொன்னது காதில் விழுந்தது. மிச்சத்தை மிக்ஸி விழுங்கிவிட்டது.

உன்னிடம் கேட்பேனா நான்? அறைக்குள் போய் நான்கு விரல் வைத்து அளந்து, எலும்புமேலேயே கட்டை விரலை வைத்து அழுத்தினேன். மூன்று நாள். சோறும் இறங்கவில்லை, கால் நீலம் பாரித்துப் போனது. நான்காம் நாள் கிணற்றடியில் புடவையைத் தூக்கிச் செருகும்போது நீ பார்த்துவிட்டாய்.

"எலும்ப அமுக்குனா எலும்புதான் வலிக்கும்னு உங்க மாமியார்கிட்ட சொல்லும்மா" என்று மருமகளிடம் சொன்னாய். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, உள்ளே ஓடிவிட்டாள். சொல்லி அனுப்ப ஆள் இல்லாமல் நாம் இரண்டு பேரும் நின்றோம்.

நீதான் முதலில் உட்கார்ந்தாய். என் வலது கையைப் பிடித்து என் முட்டிக்குக் கீழே வைத்தாய். "என் வெரல் இல்ல அண்ணி, உங்க வெரலு. அவுங்கவுங்க ஒடம்புக்கு அவுங்கவுங்க வெரல்தான் அளவு." நான்கு விரல் முடிந்த இடத்திலிருந்து எலும்பை விட்டு வெளிப்பக்கமாக ஒரு விரல் தள்ளி, கட்டை விரலை ஊன்றினாய். ஒரு குழி மாதிரி இருந்தது. கூச்சமும் வலியுமாகப் பாதம் வரைக்கும் ஒரு இழுப்பு ஓடியது. "அதான் இடம். மூச்ச இழுத்து வுடுங்க. சாப்புடறதுக்கு முன்னால, ரெண்டு காலுக்கும்." உன் கையில் அந்தத் தைல வாசனை.

அன்று அரைக் கரண்டி தயிர்ச் சோறு இறங்கியது. வாரம் போகப் போக ஒரு கரண்டி ஆனது. மாத்திரையா, உன் கட்டை விரலா, நான் அறியேன். பேச்சு மட்டும் அன்றோடு திரும்பிவிட்டது. ஆனால் உன் வீட்டில் கை நனைப்பதில்லை என்று சொன்னது சொன்னதுதான். நீயும் கூப்பிடவில்லை.

மூன்று வருஷம் கழித்து உனக்கு வயிற்றில் கட்டி என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உன் மகள் போனில் அழுதாள். மருந்து ஏற்றிய பிறகு அம்மாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை என்றாள். பஸ் ஏறிக் கடலூருக்கு, உன் வீட்டுக்கு வந்தேன். உன் டாக்டரிடம் கேட்டாயாம், காலை அமுக்குவதில் தப்பில்லை என்றாராம்.

உன் கையை எடுத்து உன் முட்டிக்குக் கீழே வைத்து அளந்தேன். நான்கு விரல் சேர்ந்தும் என் மூன்று விரல் அகலம் இல்லை. அழுத்துவதற்கே பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்த நீ திடீரென்று பேசினாய்.

"அன்னிக்கு மேளக்காரங்கள நான்தான் அனுப்பல அண்ணி. மாடியிலேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன்."

என் கட்டை விரல் நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் ஏதோ கவனக்குறைவு என்றுதான் கோபித்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே செய்தாள் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

"ஏன்னு கேளுங்க" என்றாய்.

"சொல்லு."

"நான் மொதமொத சிங்கப்பூர் போவக்குள்ள என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. எல்லாரும் வாசல்ல நிக்கறாங்க. நீங்க சொன்னீங்க, 'பெத்த பொண்ண வுட்டுட்டு எவ பீயையோ அள்ளப் போறா'ன்னு. எட்டு வருசமும் அங்க அள்ளக்குள்ள எல்லாம் அதான் காதுல கேக்கும்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று வாய் வரைக்கும் வந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். சாகப் போகிற நேரத்தில் ஒருத்தி அதற்காகப் பொய் சொல்ல மாட்டாள். கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க. இன்னொரு காலு இருக்குது" என்றாய்.

இன்னொரு காலையும் அமுக்கினேன். உன் மகள் ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்து உனக்குக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். எனக்கும் ஒரு தட்டு போடு என்றேன். அவள் உன்னைப் பார்த்தாள், நீ என்னைப் பார்த்தாய். தட்டு வந்தது. நீ ஐந்து வாய் சாப்பிட்டாய். நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த மாதம் நீ போய்விட்டாய்.

எனக்கு யார் என்ன செய்தார்கள் என்பது ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. நான் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும், எங்கே நின்று சொன்னேன், யார் பக்கத்தில் இருந்தார்கள், எவ்வளவு யோசித்தும் வரவில்லை. உனக்குத்தான் அது நினைவிருந்தது. நீ கொடுத்துவிட்டுப் போனதால் இப்போது என்னிடம் இருக்கிறது.

போன மாதம் மருமகள் குவைத்துக்கு வேலைக்குப் போனாள். பேத்திக்கு நான்கு வயது, என் இடுப்பில் இருந்து இறங்க மாட்டேன் என்கிறது. கார் வந்து நின்றது. வாசலில் அக்கம்பக்கத்தார் எல்லாம் நின்றார்கள். என் வாயில் என்னவோ வந்தது. அது என்னவென்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"போயிட்டு வாம்மா. புள்ளய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். மாமியார் இன்னும் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நின்றாள் போலிருக்கிறது. நான் சொல்லவில்லை.