மூன்றாம் ஓலை

ஞாயிறு, ஜூன் 4, 1944
காலையிலேயே அனல். மாதா கோவில் பூசையில் முதல் ஓலை வாசித்தார் சாமியார். என் மகள் செசிலிக்கும் விக்கிரமங்கலம் சவரிமுத்து மகனுக்கும் கல்யாணம் என்று அறிவிப்பு. மூன்று ஞாயிறு இப்படி. தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுமாம். எவன் சொல்வான்? பேசி முடித்தவன் நான்.

செசிலிக்குத் திருச்சி போய் டீச்சர் ட்ரெயினிங் படிக்க ஆசை. ஒரு வாரம் சண்டை. ஜெயித்தது நான். பின்னே?

புதன்
மண்ணெண்ணெய் இல்லை. முந்திரிக்கொல்லை வேலி அப்படியே கிடக்கிறது. ஓடு மாற்றுகிறேன் என்று ஏறி, ஏணியோடு மாட்டுத்தொட்டியில் விழுந்தேன். தெருவே சிரித்தது. செசிலி சிரிக்கவில்லை. அடிபட்ட இடத்தில் தேய்க்க எண்ணெயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். முன்பெல்லாம் மூன்று நாள் சொல்லிக் காட்டுவாள்.

ஞாயிறு, ஜூன் 11
இரண்டாம் ஓலை. மேகம் கூடி ஏமாற்றியது.

வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன். "குழம்புல உப்பே இல்ல." உப்பு சரியாகத்தான் இருந்தது. "சரிங்கப்பா" என்று உப்பைக் கொண்டுவந்தாள். "டவுன்ல படிச்சவளுங்க பூரா திமிர் புடிச்சவளுங்க." அதற்கும் "சரிங்கப்பா". என்ன பெண் இவள்!

வீட்டுக்காரி அருளாயிக்கு நிம்மதி. "அடங்கிட்டால்ல, சந்தோசப்படுங்க." எங்கே? எனக்குச் சோறே இறங்கவில்லை.

வெள்ளி
புடவை எடுக்க செசிலியோடு ஜெயங்கொண்டம். கரியில் ஓடும் பஸ். கூட்டம், புகை.
"எது புடிச்சிருக்கு?"
"உங்களுக்குப் புடிச்சத எடுங்கப்பா."
"கட்டிக்கப்போறவ நீ!"
"ஆமாங்கப்பா."
கடைக்காரர் முன்னாலேயே அழுதுவிட்டேன். ஆமாம், அழுதேன். எவனுக்கு என்ன? புடவை எடுக்கவில்லை.

ஞாயிறு, ஜூன் 18
மூன்றாம் ஓலை. தடை இருந்தால் பூசை முடிந்து தனியாகச் சொல்வதுதான் வழக்கம். நான் அங்கேயே எழுந்தேன்.
"தடை இருக்கு சாமி."
"என்னய்யா தடை?"
"பொண்ணுக்குச் சம்மதமில்ல."
"யாரு சொன்னா?"
"பெத்தவன் நான் சொல்றேன்."
அருளாயி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். எங்கள் ஊரிலேயே இருக்கும் சவரிமுத்துவின் மச்சான் கத்தினான்: "வாக்கு குடுத்துட்டு என்னய்யா கூத்து இது?"
"குடுத்தேன். அவளக் கேக்காம குடுத்தேன். தப்பு என்னுது. இப்ப என்னங்கிற?"
வெட்கம்? துளியும் இல்லை. ஊர் பேசட்டும். வாய் வலித்தால் நிறுத்தும்.

திங்கள்
மேல்காற்று, புழுதி. சவரிமுத்து ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்களாம். அருளாயி இன்னும் என்னோடு பேசவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பொண்ண எங்கக்கா வூட்டுக்கு அனுப்பிரணும். ஆம்பளைங்க பேசிக்கட்டும்." ஆம்பிளைகள் பேசித்தானே இந்த வினை.

வாசலில் பெஞ்சு போட்டேன். செசிலி கதவோரம்.
"நான் உள்ள போயிரவாப்பா?"
"எதுக்கு? வந்து என் பக்கத்துல உக்காரு. நீயே பேசு."
வந்து உட்கார்ந்தாள்.
"நான் பேசறப்ப நீங்க குறுக்க பேசக் கூடாது."
எனக்குப் பழக்கமில்லாத வேலை. செய்துதான் பார்க்க வேண்டும். வண்டிச் சத்தம் கேட்கிறது.