நெஞ்சில் வாயு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

ஆம்புலன்ஸ் பயிற்சி நன்றாகவே போகிறது. செவ்வாய்க்கிழமை காலை ஒரு வீட்டுக்குப் போனோம். உங்கள் வயதுக்காரர் ஒருவர் கூடத்தில் மயங்கி விழுந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத அவர் சட்டையைக் கத்தரித்துவிட்டு, நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். அரை மணி நேரம் கழித்து எங்கள் சீனியர், "போதும்மா, கைய எடு" என்றார். எடுக்க மனம் வரவில்லை.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடிஞ்சதுலேந்து நெஞ்சுல வாயுன்னுதான் சொன்னாரு. நானும் வெந்நீர் வச்சுக் குடுத்தேன். அப்பவே உங்களக் கூப்பிட்டிருந்தா பொழச்சிருப்பாராம்மா?"

"இல்லம்மா. கூப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றேன்.

அது பொய் அப்பா. பெரும்பாலும் பிழைத்திருப்பார். வண்டியில் திரும்பும்போது சீனியர் என்னைத் திட்டவில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினார்.

மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. நீங்களும் எதற்கெடுத்தாலும் வாயு என்பீர்கள். இந்த வாரமே ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டாம்.

வண்டி கிளம்பப் போகிறது, கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் உடனே அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா கொஞ்ச நேரம் காதில் வைத்திருங்கள்.

உங்கள் மகள்